ரஷ்டன் முக்கோண லாட்ஜ் மாடல்: 45 டிகிரியில வெட்டி மாட்டிக்கிட்டேன்

மூணு வாரமா சன்போர்டுல (மாடல் செய்யற லேசான பலகை) ஒரு பழைய எஸ்டேட் லாட்ஜை மாடலா செஞ்சிட்டு இருக்கேன், லாட்ஜ்னா இங்க ஹோட்டல் இல்ல, எஸ்டேட் ஆள் தங்கற சின்ன வீடு. இங்கிலாந்துல நார்தாம்ப்டன்ஷயர்ல ரஷ்டன்னு ஒரு ஊர், அங்க 1593ல ஆரம்பிச்சு 1597ல முடிச்ச முக்கோண வீடு, எஸ்டேட்ல முயல் வளர்ப்பைப் பாத்துக்கற ஆளுக்காக கட்டினது. முயல்காரருக்கா இம்புட்டு அலங்காரம்னு தோணும். கட்டினவர் தாமஸ் ட்ரெஷாம், எலிசபெத் ராணி காலத்துல கத்தோலிக்கரா இருந்ததுக்காக வருஷக்கணக்கா அடைபட்டுக் கிடந்தவர், வெளிய வந்து விசுவாசத்தை கல்லுலயே வச்சுட்டார். மூவொரு கடவுளுக்காக (தந்தை, மகன், தூய ஆவி) எல்லாமே மூணு: மூணு சுவர், மூணு மாடி, மாடிக்கு மாடி பக்கத்துக்கு மூணு ஜன்னல். கதவு மேல லத்தீன்ல "மூவர் சாட்சி சொல்றாங்க"ன்னு இருக்கு, அதுல மூணுக்கு வர்ற சொல் 'ட்ரெஸ்', அவர் பேரோட ஆரம்பமும் அதேதான். குசும்பு!

ஒரு சுவர் 33 அடி 4 அங்குலம், 100 அடில மூணுல ஒரு பங்கு. நூறுல ஒரு பங்கா சுருக்கினா (1:100) 10.16 செ.மீ. இதுவரைக்கும் ஈஸி. ஆனா கை பழக்கத்துல கார்னரை 45 டிகிரில வெட்டிட்டேன், சேத்துப் பாத்தா உள்பக்கம் இடிக்குது, வெளிப்பக்கம் விரல் நகம் போற அளவு சந்து. மூலை 60 டிகிரின்னா ஒவ்வொரு பலகையும் 30ல சாய்ச்சு வெட்டணும்னு அப்புறம்தான் உறைச்சுது, அப்படி வெட்டினா விளிம்பு பிளேடு மாதிரி மெலிசாகி கட்டர் பட்டதும் பிய்யுது. ரெண்டு சுவர் குப்பைக்கு. அம்மா வந்து பாத்துட்டு "என்னடா, சமோசாக்கு வீடு கட்டறியா"ன்னாங்க.

சுவர் மேல சுத்தி ஓடற லத்தீன் எழுத்துதான் இன்னும் படுத்துது. பக்கத்துக்கு 33 எழுத்து, ஒரு எழுத்துக்கு மூணு மில்லிமீட்டர்தான் இடம். ஒரு பக்கத்து வசனத்தை எண்ணினா 34 வருது, ரெண்டு தடவை எண்ணிட்டு போட்டோவை பெருசு பண்ணிப் பாத்தா 'எட்'டுங்கற சொல்லை (லத்தீன்ல 'மற்றும்') '&'ன்னு ஒரே குறியா சுருக்கி கணக்கை சரிக்கட்டியிருக்கார் மனுஷன்.

ஜன்னல்ல நிறைய மூணு இதழ் வடிவம், அது ட்ரெஷாம் குடும்பச் சின்னம். சின்ன டிரில்ல மூணு ஓட்டை ஒட்டி ஒட்டி போட்டு அரம் வச்சு தேச்சா வந்துடுது. முகப்புச் சுவரோட ஒம்பது ஜன்னல்ல அஞ்சு ஒட்டியாச்சு, ஃபெவிகால் காயட்டும்.