அம்மா சொன்னது

அம்மாவுக்கு 79 வயது. தனியாக இருக்கிறார். கேமரா என்ற பேச்சையே அவர் எடுக்கவிடவில்லை. எனக்கும் அதில் மனமில்லை. படுக்கையறை, கூடம், சமையலறை, குளியலறைக்குப் போகும் நடை, வாசல் கதவு என அசைவை உணரும் ஐந்து சென்சார்களுக்கு மட்டும் சம்மதித்தார். குளியலறைக்கு உள்ளே கூடாது என்று சொல்லி, நடையில் மாட்டவேண்டிய இடத்தையும் அவரே காட்டினார்.

எனக்கு வந்து சேருவது நேரமும் இடமும் மட்டும்தான். 02:14 நடை, 02:21 நடை, 02:22 படுக்கையறை. இதிலிருந்து அவருடைய நாளைப் படிக்க வேண்டும். முதியவர் பிறர் உதவியின்றி எவ்வளவு செய்கிறார் என்று பார்க்க, 1963இல் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் குழுவினரும் வெளியிட்ட அளவுகோலில் குளிப்பது, உடுத்துவது, உண்பது என்று ஆறு அன்றாடச் செயல்கள் உண்டு. உடுத்துவதை என் சென்சார்களால் அறியவே முடியாது.

தொடக்கத்தில், அம்மா தூங்கப்போகும் சராசரி நேரம் நண்பகல் 12 என்று கணக்கு வந்தது! 23:50, 00:10 இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அப்படித்தான் வரும். ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரை ஒரு நாள் என்று மாற்றியதும் சரியானது.

ஒரு மதியம் இரண்டு மணி நேரம் எங்கும் அசைவில்லை. பதறிப்போய் போன் செய்தேன். கூடத்து நாற்காலியில் படித்துக்கொண்டிருந்தார். இவ்வகை சென்சார் உடல் வெப்பத்தின் அசைவைத்தான் உணரும்; அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அதற்கு இல்லாதவர்.

பிற முதியவர்களின் சராசரி எனக்குப் பயன்படவில்லை. அம்மாவை அம்மாவின் சென்ற மாதத்தோடுதான் ஒப்பிடுகிறேன். இரவில் வழக்கமாக ஒருமுறை எழுபவர், ஒரு வாரம் நான்கு, நான்கு, ஐந்து என்று எழுந்தார். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், புது மாத்திரையாக இருக்கலாம், வெறும் தூக்கமின்மையாகவும் இருக்கலாம். எண்களுக்கு அது தெரியாது. கேட்டேன். "எரிச்சல் இருக்கிறது. உன்னைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று இருந்தேன்" என்றார். பரிசோதனையில் தொற்று என்று தெரிந்தது. மருந்து முடிந்த பிறகு எண்ணிக்கை மீண்டும் ஒன்றுக்கு இறங்கியது.

இப்போது ஞாயிறுதோறும் வரைபடத்தை அவருக்கும் காட்டுகிறேன். அவருடைய நாள்தானே அது. போன வாரம், விடியும்வரை கூடத்தில் அசைவு பதிவான ஓர் இரவைச் சிவப்பில் குறித்திருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதற்கு ஏன் சிவப்பு? அன்றுதான் நாவலை முடித்தேன். நடுவில் வைக்க மனம் வரவில்லை."

அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். அதன் தலைப்பு: அம்மா சொன்னது.