ஸ்ட்ரெச்சர் அண்ணன் பட்டியலில் இல்லை

2020 கடைசியில், கொரோனா தடுப்பூசிக்காக அரசின் கோவின் தளத்தில் ஏற்ற வேண்டிய ஊழியர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ராயபுரம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ். சம்பள லிஸ்ட்டையே அப்படியே எடுத்து நீட்டியிருந்தார்கள். ஆளில்லாத அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவர் அதில் உண்டு. ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணன் இல்லை. அவர் காண்ட்ராக்ட் ஆள்.

எனக்கு 2015 தென்கொரியா ஞாபகம் வந்தது. மெர்ஸும் ஒரு கொரோனா வைரஸ்தான். வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரே ஒருவரிடம் தொடங்கி 186 பேருக்குத் தொற்று, 38 சாவு, பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே. சியோலில் அவசரப் பிரிவில் கிடந்த ஒரு நோயாளியிடமிருந்து மட்டும் 80 பேருக்கு மேல் தொற்றியது. பலரிடமிருந்து ஒருவருக்குக்கூடப் போகவில்லை. சராசரி இங்கே உதவாது. அதனால்தான் நோய் எப்படிப் பரவும் என்று மாதிரி போட்டுப் பார்க்கிறவர்கள் ஒவ்வொரு ஆளையும் ஒரு புள்ளியாக வைத்து, யார் யாரோடு பழகுகிறார் என்று கோடு இழுத்து, எந்தப் புள்ளிக்கு ஊசி போட்டால் நிறையக் கோடுகள் அறுபடும் என்று கணினியில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள்.

என்னிடம் இருந்தது ஒரு நோட்டு. காலை ஷிஃப்ட் முழுக்க அண்ணன் பின்னாலேயே நடந்தேன். கேஷுவாலிட்டி, ஸ்கேன், வார்டு, டயாலிசிஸ், மறுபடி கேஷுவாலிட்டி. கட்டிலிலிருந்து தூக்கும்போது நோயாளியின் இருமல் நேரே அவர் கழுத்தில். லிஃப்டில் முட்டிக்கொண்டு ஐந்து பேர்.

“இன்னா சிஸ்டர், காலைலேர்ந்து பின்னாடியே வர்றீங்க? எதுனா கம்ப்ளெயிண்ட்டா?” என்றார்.

மதியத்துக்குள் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. பெரிய டாக்டருக்கு அரைப் பக்கம் தாண்டவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊசி நோயைத் தடுக்கும் என்று தெரியும். பரவலை எவ்வளவு தடுக்கும் என்று அன்றைக்குத் தெளிவாகத் தெரியாது. தடுக்காவிட்டால் என் கோட்டுக் கணக்கு வீண்; நோய் வந்தால் அதிக ஆபத்தில் இருக்கும் டயாலிசிஸ்காரர்களுக்குத்தான் முதலில் போட வேண்டும். ஆனால் அவர்களில் வயதானவர்களுக்கே 2021 மார்ச் 1-இல்தான் முறை வந்தது. அதுவரை அவர்களிடம் நோய் போகாமல் பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அண்ணன்தான்.

“அதையெல்லாம் காண்ட்ராக்டர் பார்த்துக்குவார்” என்றது அலுவலகம். நோட்டோடு நாலு முறை நடந்தேன். ஜனவரி 16-இல் நாடு முழுக்க ஊசி தொடங்கி, சில வாரம் கழித்து அண்ணனுக்கும் போட்டார்கள். மறுநாள் அவருக்குக் காய்ச்சல். பதிலுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள ஒரு பையனை காண்ட்ராக்டர் அனுப்பினார். பெயரைக் கேட்டுப் பட்டியலில் தேடினேன். இல்லை.