எலும்பைத் தின்றது யார்?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களை நடக்க வைப்பதுதான் என் பிழைப்பு. பிசியோதெரபிஸ்ட். இடுப்பு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று மதிப்பிடும் ஹாரிஸ் ஹிப் ஸ்கோர் படிவத்தை நிரப்பாத வாரமே கிடையாது. மொத்தம் 100 மதிப்பெண், அதில் வலிக்கு மட்டும் 44. சாக்ஸ், ஷூ போட முடிகிறதா, பஸ்ஸில் ஏற முடிகிறதா என்றெல்லாம் கேட்கும். சம்மணம் போட முடிகிறதா என்று கேட்காது. 1969இல் பாஸ்டனில் எழுதியதில் நம் ஊர்ப் பாட்டியின் கவலை எப்படி வரும்?

யார் இந்த ஹாரிஸ் என்று தேடியபோதுதான், படிவம் அவர் செய்ததில் ஒரு துணுக்கு என்று தெரிந்தது.

வில்லியம் ஹாரிஸ் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர். அறுவையும் செய்தார், ஆய்வுக்கூடமும் நடத்தினார். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1960களில் உலோகப் பந்து, பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் கிண்ணம், இரண்டையும் எலும்போடு பிடித்துவைக்க சிமெண்ட் என்று ஒரு மூட்டை உருவாக்கியிருந்தார். முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். சில வருடம் போனதும் ஹாரிஸ் பார்த்த சில எக்ஸ்ரேக்களில் தொடை எலும்பில் பெரிய பெரிய ஓட்டைகள். புற்றுநோயோ, கிருமித் தொற்றோ என்றுதான் யாருக்கும் தோன்றும். திசுவை எடுத்துப் பார்த்தால் இரண்டும் இல்லை; கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள்தான் மொய்த்துக்கிடந்தன. 1976இல் இதை வெளியிட்டார். நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு அறுவையைப் பற்றி, அதைச் செய்கிறவரே இப்படி எழுதுவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பழி முதலில் சிமெண்ட் மேல் விழுந்தது. 'சிமெண்ட் நோய்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். அப்புறம் சிமெண்டே இல்லாத மூட்டுகள் வந்தன. அவற்றைச் சுற்றியும் எலும்பு கரைந்தது. சரி, அப்படியானால் வேறு யார்?

பெரும்பாலும் பிளாஸ்டிக். நடக்க நடக்க உலோகப் பந்து கிண்ணத்தைத் தேய்க்கிறது. உதிரும் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை. மேக்ரோபேஜ் அதைக் கிருமி என்று நினைத்து விழுங்கும். ஆனால் பாலிஎத்திலீனைச் செரிக்க முடியாது. விழுங்கிவிட்டு டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சிச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பெருகும். ஆக, எலும்பைத் தின்றது நோயாளியின் சொந்தச் செல்கள். ருமட்டாய்டு மூட்டுவாதத்தில் எலும்பை அரிப்பதும் கிட்டத்தட்ட இதே பாதைதான்.

அழற்சியை மருந்தால் அடக்கலாமா என்றும் பலர் முயன்றார்கள். ஹாரிஸ் துகள் உதிர்வதையே நிறுத்தப் பார்த்தார். எம்ஐடியின் வேதிப்பொறியாளர் எட்வர்ட் மெரில், தன் ஆய்வுக்கூடத்தின் ஓர்ஹுன் முரடோக்ளு ஆகியோரோடு சேர்ந்து, பாலிஎத்திலீனைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி எளிதில் தேயாமலிருக்க அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்தார்கள். கதிர்வீச்சு உண்டாக்கும் ஃப்ரீ ரேடிக்கல்களை, அதாவது எதனோடும் சட்டென்று வினைபுரியும் துண்டுகளை, விட்டுவைத்தால் பிளாஸ்டிக் ஆக்சிஜனோடு சேர்ந்து நொறுங்கும். அதனால் அவற்றைப் போக்க உருக்கி எடுத்தார்கள். உருக்கினால் வலிமை கொஞ்சம் குறையும். தெரிந்தே அந்த விலையைக் கொடுத்தார்கள். 1990களின் கடைசியில் இந்தக் கிண்ணம் நோயாளிகளுக்கு வந்தது. ஆஸ்திரேலிய மூட்டுமாற்றுப் பதிவேட்டில் பழைய பாலிஎத்திலீனைவிட இதற்கு மறு அறுவை தெளிவாகக் குறைவு.

என்னிடம் வருகிறவர்கள் "டைட்டானியமா சார், இம்போர்ட்டட்டா?" என்று உலோகத்தைப் பற்றியே கேட்கிறார்கள். கிண்ணத்துக்குள் பந்து உரசும் உள்ளடுக்கான லைனர் என்ன வகை என்று டாக்டரிடம் கேளுங்கள் என்பேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் மூட்டின் விவரம் உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.