விருப்பத் தொழில் என்ற கட்டம்

பள்ளியில் மாணவர்கள் நிரப்பித் தரும் அந்தப் படிவத்தில் ‘விருப்பத் தொழில்’ என்றொரு கட்டம் உண்டு. அதில் என் மாணவன் ஒருவன் எழுதியிருந்ததன் மேல் நான் போட்ட கோடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரே இழுப்பு. அடிக்கோல் வைத்தது போல நேராக விழுந்தது. அதன் மேலே என் கையெழுத்தில் ‘டிப்ளமோ, மெக்கானிக்கல்’ என்று எழுதினேன். மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன.

அவன் எழுதியிருந்தது ‘ஐஸ் ஹாக்கி வீரர்’.

பத்தாம் வகுப்பில் 42 பேர். மறுநாள் காலைக்குள் எல்லாப் படிவங்களையும் கணினியில் ஏற்ற வேண்டும். மற்றவர்கள் நர்ஸ், ராணுவம், போலீஸ், இன்ஜினியர் என்று எழுதியிருந்தார்கள். இவனை மட்டும் எழுப்பி நிறுத்தி, “மக்களே, இது என்ன?” என்று கேட்டேன்.

“ஐஸ் மேல் விளையாடுகிற ஹாக்கி சார்.”

“நம் ஊரில் ஐஸ் எங்கே இருக்கிறது? குளச்சலில் மீன் பெட்டிக்குள்தானே இருக்கிறது?”

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “ஐஸ் இல்லைதான் சார். ஆனால் அதில் பந்துக்குப் பதிலாக அடிக்கிற வட்டத் துண்டு, பக், அது ரப்பர் சார்” என்றான்.

சிரிப்பு இன்னும் கூடியது. உட்காரச் சொன்னேன். கோடு போட்டேன்.

அவன் சொன்ன பதிலை அன்று நான் குறும்பு என்று எடுத்துக்கொண்டேன். பல மாதங்கள் கழித்துத்தான் அது என் கேள்விக்கான நேரடியான பதில் என்று உறைத்தது. ‘இந்த விளையாட்டுக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம்’ என்பதுதானே நான் கேட்டது? சம்பந்தத்தைச் சொன்னான். எங்கள் குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கத்தில் ரப்பரை அறியாத வீடு கிடையாது. அவனுடைய அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். விடுமுறை நாட்களில் இவனும் கூடப் போய் சிரட்டைகளில் இருந்து பால் எடுப்பான். திங்கட்கிழமைகளில் அவன் நோட்டுப் புத்தகத்தில்கூட ஒட்டுப்பால் வாடை இருக்கும். ரப்பர் எங்கெல்லாம் போகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறான். நான் இத்தனை ஆண்டுகளில் யோசித்ததில்லை.

அவனுடைய மாமா ஒருவர் கனடாவில் வேலை பார்க்கிறார். அவர் அனுப்பிய வீடியோக்களில்தான் இதைப் பார்த்திருக்கிறான். இதுவும் பிறகு தெரிந்ததுதான்.

ஒரு வாரம் கழித்து மாலையில், சைக்கிள் நிறுத்தும் சிமெண்ட் தரையில் மூன்று பையன்கள் தென்னை மட்டையால் எதையோ அடித்துக்கொண்டிருந்தார்கள். அது என் காலருகே வந்து விழுந்தது. குனிந்து எடுத்தேன். காய்ந்த ரப்பர் ஷீட்டை வட்டம் வட்டமாக நறுக்கி, ஏழெட்டு அடுக்கு ஒட்டி, ஓரத்தைப் பிளேடால் சீவியிருந்தான். உள்ளங்கையில் அடங்கும் அளவு. புகை வாசம் போகவில்லை. ஒரு பக்கம் மட்டும் சிமெண்டில் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது.

“இது துள்ளுகிறது சார்” என்றான், குறையைச் சொல்வது போல. “அங்கே ஆட்டத்துக்கு முன்னால் பக்கைக் குளிரில் வைத்து உறைய விடுவார்கள். உறைந்தால் துள்ளாது, வழுக்கிக்கொண்டு போகும்.”

எங்கள் ஊரில் உறைவது ரப்பர் பால் ஒன்றுதான். ஆசிட் விட்டால் தட்டில் உறைந்து கிடக்கும். அதைக்கூட அப்போது அவனிடம் சொல்லியிருக்கலாம். “பொதுத் தேர்வு வருகிறது, பாடத்தைப் பார்” என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

நான் செய்தது தவறு என்று ஒரேயடியாக ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்த என்ஹெச்எல் என்ற ஐஸ் ஹாக்கித் தொடரில் 32 அணிகள். ஓர் அணிப் பட்டியலில் 23 பேர். ஆக 736 இடங்கள், உலகம் முழுவதற்கும். அந்த இடங்களுக்கு வருகிறவர்கள் நான்கைந்து வயதிலேயே சறுக்குக் காலணி கட்டியவர்கள். இந்திய வம்சாவளியில் முதன்முதலாக அங்கே ஆடியவர் ராபின் பாவா, 1989இல். அவரும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்து வளர்ந்தவர். மொத்தமே 61 ஆட்டங்கள். ஒரு முழுப் பருவத்துக்குக்கூடக் காணாது. அதே தொடரில் கோர்டி ஹோ என்பவர் 52 வயது வரை ஆடினார் என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு பத்தாம் வகுப்புப் பையனிடம் அவரைக் காட்டி ஆசை ஊட்டுவது நியாயமா?

ஆஸ்டன் மேத்யூஸ் என்ற என்ஹெச்எல் வீரரைப் பற்றிப் படித்தபோது கொஞ்சம் ஆடிப்போனேன். அரிசோனா பாலைவனத்தில் வளர்ந்தவர். 2016இல் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டு, அக்டோபர் 12 அன்று முதல் ஆட்டத்திலேயே 4 கோல் அடித்தார். மணலில் இருந்து ஒருவர் வந்துவிட்டாரே என்று இருந்தது. பிறகு மேலும் படித்தேன். அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டே கனடாவில் இருந்து ஒரு பெரிய அணி ஃபீனிக்ஸுக்கு இடம் மாறி வந்துவிட்டது. பார்க்க ஆட்டம் இருந்தது, பழகக் குளிரூட்டிய தளம் இருந்தது. நம் மாவட்டத்தில் என்ன இருக்கிறது? படித்து முடித்ததும் நிம்மதியாக இருந்தது. நான் சொன்னது சரிதான் என்று. அந்த நிம்மதிதான் என்னை உறுத்துகிறது. ஒரு பையனுக்கு வழி இல்லை என்று உறுதியானதில் ஆசிரியருக்கு என்ன நிம்மதி?

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கணக்கெல்லாம் கோடு போட்ட பிறகு தேடியவை. போட்ட நிமிடத்தில் 32 அணிகளும் தெரியாது, பாவாவையும் தெரியாது. எதுவுமே தெரியாமல்தான் கோடு போட்டேன். முடிவு ஒன்றேதான் என்றாலும், தெரிந்து சொல்வதும் தெரியாமல் சொல்வதும் ஒன்றா?

தெரிந்திருந்தால் லடாக் பற்றிச் சொல்லியிருப்பேன். குளிர்காலத்தில் உறைந்த குளங்களில் அங்கே ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள். ராணுவ அணிகள் இருக்கின்றன. 2017இல் பாங்காக்கில் இந்தியப் பெண்கள் அணி பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றது. அதுதான் அவர்களுடைய முதல் சர்வதேச வெற்றி. பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு நம் மாவட்டத்தில் எது? “ராணுவத்துக்குப் போனால் என்றாவது லே பக்கம் போகலாம், மக்களே” என்று ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதைக் கேட்டு அவன் என்ன செய்திருப்பான் என்பது வேறு விஷயம். ஒன்றும் செய்யாமலும் இருந்திருக்கலாம்.

படிவத்தில் கையெழுத்துப் போட அவனுடைய அப்பா வந்தார். விரல் இடுக்குகளில் பால் கறை கறுத்துக் கிடந்தது. நான் அடித்திருந்ததைக் காட்டி விளக்கப் போனேன். “அவன் சும்மா எழுதியிருப்பான் சாரே. நீங்கள் போட்டதுதான் சரி” என்றார். அன்று அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தூங்கினேன். அவர் என் முடிவை ஏற்றுக்கொண்டாரா, அல்லது ஆசிரியரிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்று சொன்னாரா என்று இப்போது யோசிக்கிறேன்.

இந்த ஜூன் மாதமும் படிவங்கள் என்னிடம்தான் வந்தன. ஒரு மாணவி ‘கப்பல் கேப்டன்’ என்று எழுதியிருந்தாள். அவளோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, என்ன படிக்க வேண்டும், எங்கே படிக்கலாம் என்று தேடி எடுத்துக் கொடுத்தேன். மனம் நிறைந்திருந்தது. அதே மாலை, நேரமில்லை என்று இன்னொருவன் எழுதியதை அடித்து மாற்றினேன். அவன் என்ன எழுதியிருந்தான் என்பதே இப்போது நினைவில் இல்லை.

போன மாதம் மார்த்தாண்டம் பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். அவன்தான் முதலில் பார்த்துவிட்டு ஓடி வந்தான். டிப்ளமோ இறுதியாண்டு, மெக்கானிக்கல். அரியர் ஒன்றும் இல்லை என்றான். மழையால் பத்து நாளாக வெட்டு இல்லை, அப்பா வீட்டில்தான் இருக்கிறார் என்றான். என் பையை வாங்கி வைத்துக்கொண்டு பேசினான். நன்றாகத்தான் இருக்கிறான்.

கேட்காமல் போக முடியவில்லை. “இப்போதும் அதைப் பார்க்கிறாயா?” என்றேன்.

“எதை சார்?”

முகத்தில் எதுவும் தெரியவில்லை. உண்மையிலேயே மறந்துவிட்டானா, நான் சங்கடப்படக் கூடாது என்று கேட்டானா? சொல்ல வாயெடுப்பதற்குள் குலசேகரம் பஸ் வந்துவிட்டது. பையை என் கையில் கொடுத்துவிட்டு, “வருகிறேன் சார்” என்று ஏறிக்கொண்டான்.