எதிரே இருந்த நாற்காலி

குளச்சலை அடுத்த ஓர் ஓட்டு வீட்டில் தனியே வாழும் அம்மாச்சியைப் படமெடுக்கச் சென்ற முதல் இரண்டு நாட்களும் முகச்சுருக்கங்களையே நெருங்கி எடுத்தேன். அவை முதுமையைக் காட்டினவேயன்றித் தனிமையைக் காட்டவில்லை. மூன்றாம் நாள், அறையையும் உள்ளடக்கும் 35 மி.மீ. லென்சைப் பொருத்தி, ஃபிளாஷைத் தவிர்த்து, முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் ஷட்டரை 1/15 நொடி என்ற மெதுவான வேகத்தில் வைத்துக் காத்திருந்தபோதுதான், வளைகுடாவிலிருக்கும் மகனின் அழைப்புக்காகக் கைப்பேசியை மடியில் வைத்திருந்த அவரையும், 2004 ஆழிப்பேரலை கணவரைக் கொண்டுபோன நாள் முதல் யாரும் அமராத எதிர் நாற்காலியையும் ஒரே சட்டகத்துக்குள் கண்டேன். அசைந்த கை மட்டும் மங்கலாகப் பதிந்தது; அதை நான் பிழையாகக் கருதவில்லை.

வெளியிடலாமா என்று கேட்டேன்.

“வேண்டாம் மக்களே, மவன் கண்டா சங்கடப்படுவான்” என்றார்.

ஆகவே நாற்காலி மட்டுமுள்ள படத்தை இங்கே இடுகிறேன்.