சார்ட் இல்லாத புத்தக அறிக்கை

திருப்பூரை ஒட்டிய ஒரு பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். பாடநூலுக்கு வெளியே மாணவர்கள் தாங்களாகவே தேர்ந்து படிக்கும் ஆங்கிலப் புத்தகத்துக்கு எப்படிப்பட்ட அறிக்கையைக் கேட்பது என்ற யோசனை ஒவ்வொரு பருவத்திலும் வந்துவிடும். 'புராஜெக்ட்' என்று சொன்ன மாலையே பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்திலுள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுகிறார்கள். சார்ட், தெர்மாகோல், ஜிகினா, ஸ்கெட்ச் பேனா எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். கதைச் சுருக்கம் வேண்டுமென்றால் கடைக்காரரே இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்டுக் கொடுத்துவிடுவார். பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் சனிக்கிழமைதான் சம்பளம் என்பதால், வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொன்னால் சில வீடுகளில் சார்ட்டைக்கூடக் கடன் சொல்லித்தான் வாங்க வேண்டியிருக்கும். இத்தனை பாடுபட்டு வந்து சேரும் சார்ட்டைப் பார்த்து, அந்தப் பிள்ளை இரண்டாம் அத்தியாயத்தையாவது தாண்டியதா என்று யாராலும் சொல்ல முடியாது. (மின்விசிறியைப் போட்டதும் வகுப்பெங்கும் பறக்கும் தெர்மாகோல் துகள்களைப் பெருக்கும் ஆயாவின் கருத்து இதைவிடக் கடுமையானது.)

புதிய அட்டை வரைவது, செருப்புப் பெட்டிக்குள் ஒரு காட்சியை அமைப்பது, கதாபாத்திரத்துக்கு முகநூல் பக்கம் தயாரிப்பது என்று வழக்கமாகச் சொல்லப்படும் யோசனைகள் எல்லாமே எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துபவை. எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துகிற பணியை எந்தப் புத்தகத்தையும் படிக்காமலே செய்துவிடலாம் என்பதுதான் என் மனத்தாங்கல். பணி அந்தந்தக் கதைக்குள்ளிருந்தே கிளம்ப வேண்டும். அப்படிக் கிளம்பினால் அரைத்தாள் போதும், வேறு பொருளே தேவையில்லை.

ஈ. பி. வைட் 1952-இல் வெளியிட்ட 'சார்லட்ஸ் வெப்' நாவலில், கசாப்புக்குப் போகவிருக்கும் வில்பர் என்ற பன்றிக்குட்டியைக் காப்பாற்ற, சார்லட் என்ற சிலந்தி தன் வலையில் அதைப் புகழும் சொற்களை நெய்கிறது. சொற்களைத் தேடித் தருவது டெம்பிள்டன் என்ற எலியின் வேலை. குப்பைமேட்டிலிருந்து அது கடித்துக் கொண்டுவரும் துண்டுகளில் 'க்ரன்ச்சி' என்பதைச் சார்லட் மறுத்துவிடுகிறது, ஏனென்றால் அதைப் படிக்கும் பண்ணைக்காரருக்கு மொறுமொறுப்பான பன்றிக்கறி நினைவுக்கு வந்துவிடும். அடுத்து ஒரு சட்டைத் துணுக்கில் வரும் 'பிரீ-ஷ்ரங்க்' (முன்பே சுருக்கப்பட்டது) என்பதும் தள்ளுபடியாகிறது. கொழுகொழுவென்று தெரிய வேண்டிய வில்பரைச் சுருங்கியவன் என்றா எழுதுவது? இந்த இடத்தை வகுப்பில் வாசித்தபோது, பின் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "எங்கம்மா செக்கிங் பண்ற கம்பெனில இதே லேபிளுதானுங்க டீச்சர்" என்றான். மறுநாள் ஒன்றைக் கொண்டுவந்தும் காட்டினான்.

அன்றைக்கே பணியும் முடிவாகிவிட்டது. நீங்கள்தான் டெம்பிள்டன், உங்கள் தெருவில் அச்சாகிக் கிடக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொண்டுவந்து, சார்லட் அதை ஏற்குமா, மறுக்குமா, ஏன் என்று அரைப்பக்கம் எழுதுங்கள் என்றேன். மோட்டார் பம்பு அட்டைப்பெட்டியிலிருந்து 'ஹெவி டூட்டி'யைக் கிழித்து வந்த மாணவன், எடை என்றாலே கறிக்கடைத் தராசு ஞாபகம் வரும், அதனால் சார்லட் மறுத்துவிடும் என்று எழுதியிருந்தான். பனியன் துணிகள் விற்கும் காதர்பேட்டைக் கடையொன்றிலிருந்து 'செகண்ட்ஸ்' (குறையுள்ள, கழித்த சரக்கு) என்ற சீட்டைக் கொண்டுவந்த மாணவியோ, இதைச் சார்லட் நெய்யாது என்று சொல்லிவிட்டு, வில்பர் பிறந்த அன்றே, கதையில் வரும் சிறுமி ஃபெர்னின் அப்பா அவனைக் கொல்லக் கோடரியை எடுத்துக்கொண்டு கிளம்பியது இந்தச் சீட்டை அவன்மேல் ஒட்டியதுபோலத்தானே என்று கேட்டிருந்தாள். ஈற்றில் நோஞ்சானாகப் பிறந்த குட்டி அது. முதல் அத்தியாயத்தைப் படிக்காதவருக்கு அந்த வாக்கியம் வராது. அவளுடைய ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் காலம் மாறிக் கிடந்தன. அவற்றை அன்று நான் தொடவில்லை. அறிக்கையில் சிவப்பு மையைப் பார்த்த பிள்ளை அடுத்த புத்தகத்தை மெலிதாகப் பார்த்துத்தான் எடுக்கும்.

புத்தகம் கைக்கு எட்டும் நிலையில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள, பக்கத்திலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று வாசிப்பு ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதாவது, ஐம்பதுக்கு ஒரு சொல்தான் புதிதாக இருக்கலாம். இந்தக் கவலை புதியதன்று. 1920-களில் டாக்காவில் பணியாற்றிய ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்கள் ஆங்கிலத்தில் முதலில் படிக்கப் பழக வேண்டும் என்று வாதிட்டுச் சொற்களை வரையறுத்து வாசிப்பு நூல்களை உருவாக்கினார். 1953-இல் அவர் வெளியிட்ட, அடிக்கடி பயன்படும் ஆங்கிலச் சொற்களின் பட்டியலில் சுமார் 2,000 சொற்கள் இருந்தன. இன்று பிரதம் புக்ஸ் என்ற சிறார் பதிப்பகத்தின் 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் படிநிலை குறிக்கப்பட்ட கதைகளை யாரும் இலவசமாக அச்சிட்டுக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவர் முதல் படியிலிருந்து தொடங்குவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம் என்பதை, பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் அதிகம் விளக்க வேண்டியிருக்கிறது.

எழுதி முடித்ததும் ஒவ்வொருவரோடும் இரண்டு நிமிடம் பேசுவேன். தமிழில் பதில் சொல்லலாம். படித்ததைச் சொல்ல ஆங்கிலம் தடையாகிவிடக் கூடாது. ஒடிசாவிலிருந்து வந்த மாணவன் ஒருவன் மட்டும், தமிழைவிட ஆங்கிலமே தனக்கு எளிது என்று அதிலேயே பேசுகிறான்.

கதைக்குள்ளிருந்து பணி எடுப்பதில் உள்ள பெரிய சிக்கல், ஆசிரியரும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்பது. ஆளுக்கொரு புத்தகம் எடுக்கும் வகுப்பில் இது கட்டுப்படியாகாது. எனவே, படித்து முடித்தவரே அடுத்தவருக்கு ஒரு பணியை எழுதிப் பின்னட்டையில் செருகி வைக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறோம். ஆர். கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' (1935) பிரதியில், சிறுவர்கள் கிரிக்கெட் மட்டை கேட்டுச் சென்னையிலுள்ள பின்ஸ் கடைக்குக் கடிதம் எழுதும் இடத்தைச் சுட்டி, "கடைக்காரராக இருந்து, கடன் இல்லை என்பதை அந்தப் பையன்கள் மனம் நோகாமல் எழுது" என்று ஒரு சீட்டு இருக்கிறது. அதை எழுதிய மாணவனின் அப்பா பனியன் நூல் விற்கும் கடை வைத்திருக்கிறார். கண்காட்சி நாளுக்குச் சுவரில் மாட்ட என்ன இருக்கிறது என்று தலைமையாசிரியர் கேட்டபோது, அந்தச் சீட்டுகளைத்தான் பெரிதாக நகலெடுத்து ஒட்டச் சொன்னேன்.