பத்மினியில் இப்போ எத்தனை குதிரை?

என் பழைய பிரீமியர் பத்மினி காருக்கு இன்ஜின் வேலை முடிந்து, ரன்னிங்-இன் (புது பாகங்கள் பழகும்வரை நிதானமாக ஓட்டுவது) கூட முடிந்தாயிற்று. 68 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) இப்போது 69. பிஸ்டன், ரிங் எல்லாம் புதுசு. "அண்ணாச்சி, வண்டி சும்மா பறக்கும்லா" என்கிறார் மெக்கானிக். புகை கக்கிக்கொண்டிருந்த பழைய இன்ஜினை ஓட்டியவனுக்கு எதுவுமே பறக்கிற மாதிரிதான் இருக்கும்.

இப்படி சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்தாலே சக்தி எகிறிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இன்ஜின் கொள்ளளவு 1089 சி.சி.யிலிருந்து 1122 ஆகியிருக்கிறது, நூற்றுக்கு மூன்று. கம்பெனிக் கணக்கான சுமார் 40 குதிரைசக்தியில் அது ஒன்றேகால்கூட இல்லை.

சரி, அளந்தே பார்ப்போம் என்று எடைமேடையில் ஏற்றினோம். ஆள், பெட்ரோலோடு 1050 கிலோ. நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில், விடிந்தும் விடியாத நேரம், மூன்றாவது கியரில் 40லிருந்து 60 வரை முழு ஆக்சிலேட்டர். பக்கத்தில் மருமகன் ஜிபிஎஸ் வைத்து நேரம் பார்த்தான். வண்டியின் ஸ்பீடாமீட்டரை நம்பவில்லை. ஜிபிஎஸ் 56 என்றால் அது 60 காட்டும்.

அந்தப் பக்கம் காற்று சும்மா விடாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது வள்ளியூர்க்காரர்களுக்குப் பழமொழி இல்லை, நடப்பு. தெற்கே போகும்போது 6.4 நொடி, திரும்பும்போது 5.6. சராசரி 6. 40லிருந்து 60க்கு வேகம் ஏற 81 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஆறு நொடிக்கு வகுத்தால் 13.5 கிலோவாட்.

இதோடு விட்டால் கணக்கு பாதிதான். காற்றையும் டயர் உருளலையும் தள்ளப் போன சக்தி இதில் வராது. அதற்கு 60ல் நியூட்ரலில் போட்டு 40 வரை தானாக உருளவிட்டோம். இரு திசைக்கும் சராசரி 20 நொடி. அதே 81ஐ 20ஆல் வகுத்தால் 4 கிலோவாட். கூட்டினால் 17.5, அதாவது சக்கரத்தில் ஏறக்குறைய 23 குதிரை. கியர்பாக்ஸ், பின் ஆக்சில் தின்பது 15 சதவீதம் என்று வைத்தால் இன்ஜினில் 27. 40 குதிரை என்பது 4800 சுழற்சியில் வருவது. இந்த வேகத்தில் இன்ஜின் அவ்வளவு சுற்றாது. ஆக 27 மோசமில்லை.

அப்புறம் சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் கேஜ். நாலு சிலிண்டரில் மூன்று 145 பி.எஸ்.ஐ. பக்கம் நிற்க, மூன்றாம் நம்பர் சிலிண்டர் மட்டும் 128. பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தும் ஏறவில்லை. ரிங் வழியாகக் கசிந்தால் ஆயில் அடைத்து அழுத்தம் ஏறியிருக்கும், அதனால் ரிங் மேல் சந்தேகமில்லை, வால்வு மேல்தான். வால்வு முழுசாக மூட விடாமல் டாப்பெட் இடைவெளி இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும். அதிலும் சரியாகவில்லை என்றால் ஹெட்டை இறக்கி வால்வு லேப்பிங்தான், அதாவது வால்வு சரியாக உட்காரும்படி தேய்ப்பது.